விளையாட்டுப் பொறி வகுத்த யோக்கோய்

மணவாளக்குறிச்சியிலிருந்து குளச்சல் நோக்கிச் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் உள்ள வீடுகளை அண்ணாந்து நோக்கினால், பலவற்றின் மொட்டை மாடியில் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்றலைக் காணலாம். அவை கொத்தனாரின் மறதியால் நின்றவை அல்ல. பின்னொரு நாள் கைப்பொருள் வாய்க்குமாயின் தூணைத் தொடர்ந்து மேல்தளம் எழுப்ப வேண்டுமே என்று கருதி, வீட்டுக்குரியோர் விட்டு வைத்தவை. சில வீடுகளில் மகன் வெளிநாடு சென்று பொருளீட்டி வர, அக்கம்பிகளின்மேல் அறை எழும்பும். வேறு சில வீடுகளில் கம்பிகள் கடற்காற்றில் துருவேறி அப்படியே நிற்கும். அவற்றை அறுத்து எறியவும் வீட்டார்க்கு மனம் வாராது.

மின்பொறி செய்வோரிடத்தும் இவ்வழக்கம் உண்டு. பொறியை ஆக்கி விற்கும் காலத்து அதன் உடலில் ஒரு சிறு துளை அமைத்து, அதனுள் செம்பு முனைகளை நிரைநிரையாகப் பதித்து விடுவர். பின்னாளில் புதிய துணைக்கருவி ஒன்று தோன்றுமாயின் அதனை இங்கே பொருத்திக் கொள்ளலாம் என்பது அவர் கருத்து. இதனை இணைப்புவாய் என்போம். கடைத்தெருவில் போர்ட் என்றே வழங்குவர். தொலைக்காட்சியோடு இணைத்துச் சிறுவர் ஆடிய பழைய விளையாட்டுப் பொறிகளுள் பலவற்றில் இத்தகைய வாய்கள் இருந்தன. அவற்றுள் சில, ஒரு நாளேனும் ஒரு கருவியைக் காணாமலே போயின. அத்தகைய வாய் ஒன்று நிறைந்ததையும், மற்றொன்று வெறுமையாய் நின்றதையும் ஒருங்கே கண்ட மனிதர் ஒருவர் உண்டு. அவர்தாம் ஜப்பான் நாட்டுக் குன்பேய் யோக்கோய்.

யோக்கோய் 1941-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் கியோட்டோ நகரில் பிறந்தார். அந்நகர் ஜப்பானின் பழைய தலைநகர். கோயில்களுக்கும் கைத்தொழிலுக்கும் பேர் போனது. அங்குள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்றுத் தேறிய அவர், 1965-இல் நிண்டெண்டோ என்னும் நிறுவனத்திற் சேர்ந்தார். நிண்டெண்டோ என்ற அளவில் இன்று நமக்கு மின் விளையாட்டே நினைவுக்கு வரும். ஆனால் அந்நாளில் அது சீட்டுக்கட்டு செய்து விற்ற நிறுவனம். 1889-இல் மலர் வடிவங்கள் தீட்டிய ஆட்டச்சீட்டுகளைச் செய்யத் தோன்றியது அது. சீட்டு அச்சிடும் பொறிகள் பழுதுறாமல் பார்த்துக் கொள்ளுதலே யோக்கோய்க்கு இட்ட பணி. படித்த படிப்புக்கும் பார்த்த வேலைக்கும் பெருந்தொடர்பு இருந்ததென்று சொல்வதற்கில்லை.

பொறிகள் ஒழுங்காய் ஓடினால் பேணுவோனுக்கு வேலை இராது. அவ்வாறு ஓய்ந்த பொழுதில், குறுக்குக் கட்டைகளைக் கத்தரிக்கோல் போல் ஒன்றோடொன்று கோத்து, பிடியை அழுத்தினால் நீண்டு சென்று தொலைவிலுள்ள பொருளைப் பற்றும் கை ஒன்றினை அவர் செய்தார். தம் பொழுதுபோக்கிற்கென்று செய்ததே அது. நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சி ஒரு நாள் தொழிற்சாலையைச் சுற்றி வருங்கால் அதனைக் கண்டுவிட்டார். தலைவர் தம்மை அழைத்தது கடிந்து கொள்ளுதற்கே என்று அஞ்சிச் சென்ற இளைஞர்க்கு, அதனையே விற்பனைப் பொருளாக ஆக்குமாறு ஆணை கிடைத்தது. அல்ட்ரா ஹேண்ட் என்னும் பெயருடன் 1966-இல் வெளிவந்த அவ்விளையாட்டுக் கை, 10 இலட்சத்திற்கு மேல் விற்றது. பழுது நீக்குவோராய் இருந்தவர் விளையாட்டுப் பொருள் ஆக்குவோராயினார்.

பின்வந்த ஆண்டுகளில் அவர் செய்த பொருள்கள் பல. அவற்றுள் ஒன்று மட்டும் ஈண்டுக் கூறத்தக்கது. ஞாயிற்றின் ஒளியை மின்னாக்கும் ஒளிக்கலங்களை விற்பதற்காக ஷார்ப் நிறுவனத்திலிருந்து மசாயுகி உவெமுரா என்பவர் வந்தார். மின்னாக்கும் அக்கலத்தை, ஒளி பட்டதா இல்லையா என்று அறியும் கண்ணாகக் கொள்ளலாமே என்று யோக்கோய் எண்ணினார். துப்பாக்கியினின்று ஒளி பாயும். இலக்கில் உள்ள கலம் அதனை உணரும். உடனே இலக்கு சிதறி விழும். 1970-இல் வெளிவந்த ஒளித்துப்பாக்கி இவ்வாறு பிறந்தது. உவெமுராவும் பின்னர் நிண்டெண்டோவிலேயே வந்து சேர்ந்தார். அவர் பெயரை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். இன்னும் சிறிது தொலைவில் அவர் மீண்டும் வருவார்.

ஒளிக்கலத்திற் கண்ட நெறியே யோக்கோயின் வாழ்நாள் நெறியாயிற்று. புதிதாய்ப் பிறந்து விலை மிகுந்து நிற்கும் நுட்பத்தைத் துரத்தி ஓடுதல் அவர்க்கு உடன்பாடன்று. பலரும் கையாண்டு குறைகள் நீங்கி, விலையும் இறங்கி, ஆய்வோர் அசட்டையாய் ஒதுக்கிய பழைய நுட்பத்தை எடுத்துக் கொள்வார். எவரும் எண்ணாத புதுப்பணி ஒன்றினை அதற்குத் தருவார். தென்னந்தோப்பிலே கழித்த மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து நாராக்கிக் கயிறு திரிக்கும் நம் கடற்கரை மக்களுக்கு இந்நெறியை விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

அடுத்துப் புகைவண்டியில் நிகழ்ந்த ஒன்று. விரைவு வண்டியில் சென்ற அலுவலர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி விளையாடியிருக்கக் கண்டார் யோக்கோய். கால்குலேட்டர் அந்நாளில் மலிந்துவிட்டது. அதன் திரையும் சில்லும் மலிந்துவிட்டன. அவற்றைக் கொண்டே சட்டைப்பையில் அடங்கும் விளையாட்டுக் கருவி செய்யலாம் என்று துணிந்தார். 1980-இல் கேம் அண்ட் வாட்ச் தோன்றியது. தொடர்ந்து வந்த பல வகைகளும் சேர்ந்து 4 கோடிக்கு மேல் விற்றன. 1982-இல் வந்த வகையொன்றில், மேல் கீழ் இடம் வலம் என்னும் நான்கு திசைக்கும் ஒரே பொத்தானாகச் சிலுவை வடிவில் ஒன்றமைத்தார். அவ்வடிவம் இன்றளவும் விளையாட்டுக் கைப்பிடிகளிற் காணப்படுகிறது.

இனி, இணைப்புவாயின் கதைக்கு வருவோம். 1983-இல் நிண்டெண்டோ ஃபேமிகாம் என்னும் வீட்டு விளையாட்டுப் பொறியை ஜப்பானில் வெளியிட்டது. அதனை வகுத்த குழுவின் தலைவர் முன் சொன்ன உவெமுரா. தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டுகளில் தொலைக்காட்சியோடு இணைத்துக் கேசட் மாற்றி மாற்றிச் சிறுவர் ஆடிய வீடியோ கேம் பொறிகளுள் பல, இப்பொறியைப் பார்த்து அமைந்தனவே. ஃபேமிகாமின் முகப்பில் இருந்த இணைப்புவாய் நன்கு பயன்பட்டது. துப்பாக்கி, தட்டச்சுப் பலகை முதலியன அதிற் பொருந்தின. 1985-இல் அமெரிக்கர்க்கென்று வடிவு மாற்றி அனுப்பிய பொறியிலோ, அடிப்புறத்தில் சிறு மூடி ஒன்றின்கீழ் 48 முனைகளோடு கூடிய வாய் ஒன்று வைக்கப்பட்டது. அப்பொறி கோடிக் கணக்கில் விற்றது. ஆயினும் அவ்வடிவாய்க்கென்று நிண்டெண்டோ ஒரு கருவியையேனும் விற்பனைக்குக் கொண்டு வரவில்லை. கோடிக் கணக்கான வீடுகளில் அது மூடிய மூடியோடே இருந்தது.

இதற்குக் காரணம் என்ன? துணைக்கருவியைத் தனி விலை கொடுத்து வாங்குவோர் என்றும் சிலரே. விளையாட்டு எழுதுவோர், பொறி வாங்கிய அனைவர்க்கும் பொருந்துமாறு எழுத விரும்புவரேயன்றி, அச்சிலர்க்காக எழுதார். எழுதுவோர் இல்லையெனில் கருவி வாங்குவோரும் இரார். ஒன்று மற்றொன்றின் வரவு நோக்கி நிற்க, இரண்டும் வாராமற் போகும். இன்னொரு காரணமும் உண்டு. பொறியின் ஆற்றலை மிகுக்க வேண்டிய இடத்து, வேண்டிய சில்லுகளைக் கேசட்டின் உள்ளேயே வைத்துவிடலாம் என்று ஆக்குவோர் கண்டுகொண்டனர். எனவே முன்வாசலே பின்வாசலின் வேலையையும் செய்து முடித்தது.

மணவாளக்குறிச்சியில் உள்ளார்க்கு இத்தகைய காத்திருப்பு புதிதன்று. நம் கடற்கரைக் கருமணலில் மோனசைட்டு இருத்தலை 1909-இல் ஜெர்மானிய வேதியியலார் ஷோம்பர்க் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம், அக்காலத்து வாயு விளக்கின் வலைக்குப் பயன்பட்டது. மின்விளக்கு வந்தபின் அத்தேவை சுருங்கியது. பின்னர் ஹோமி பாபா நாட்டின் அணுமின் திட்டத்தை மூன்று படிகளாக வகுத்து, மூன்றாம் படியைத் தோரியத்திற்கென்று ஒதுக்கி வைத்தார். அப்படி இன்னும் எழவில்லை. மணலும் காத்திருக்கிறது. மணல் வீணாயிற்று என்று எவரும் கூறார். விளையாட்டுப் பொறியின் அடிவாயைக் கண்டு நகைப்போர் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

யோக்கோயின் குழு 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் கேம் பாய் என்னும் கைப்பொறியை வெளியிட்டது. ஓகாடா சதோரு என்னும் வல்லுநர் அக்குழுவில் அவர்க்கு வலக்கையாய் இருந்தார். போட்டி நிறுவனங்களின் கைப்பொறிகள் வண்ணத்திரை காட்டின. அவை ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் உறிஞ்சி முடித்தன. கேம் பாயின் திரையோ பாசி படர்ந்தாற் போன்ற பசுமையில் நான்கே சாயல் காட்டுவது. திரைக்குப் பின் விளக்கும் இல்லை. ஆனால் நான்கு மின்கலம் நெடுநேரம் தாங்கும், விலை குறைவு, கை தவறி விழுந்தாலும் எளிதில் உடையாது. பழைய நுட்பத்தைப் போற்றியவர் கையில் வேறு எவ்வாறு அமையும்?

இத்துணைச் சிக்கனமாய்ச் செய்த பொறியின் ஓரத்தில் ஓர் இணைப்புவாய் இருந்தது. வண்ணத்தை வேண்டாவென விலக்கியவர்கள், விளக்கையும் விலக்கியவர்கள், இவ்வாயை மட்டும் விலக்கவில்லை. ஒவ்வொரு பொறியிலும் அதற்குச் சில காசு செலவாகும். இலட்சக் கணக்கிற் பெருக்கினால் அது பெருந்தொகை. தனித்து ஆடுவோனுக்கோ அதனால் பயன் யாதும் இல்லை. இரு பொறியும் இரு சிறுவரும் ஒரு கம்பியும் ஓரிடத்திற் கூடினாலன்றி அவ்வாய்க்கு வேலை இல்லை.

அவ்வாய் தொழிற்படும் முறை மிக எளியது. இரு பொறிகளுள் ஒன்று தாளம் போடும். மற்றொன்று அத்தாளத்திற்கு இயையும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பொறி தன்னிடமுள்ள எட்டுக் குறிகளுள் ஒன்றினை வெளியே தள்ளும். தள்ளிய அக்கணமே எதிர்ப்பொறியின் குறி ஒன்று உள்ளே புகும். எட்டுத் தட்டு முடிந்தால் இதன் எண் அங்கும் அதன் எண் இங்கும் இருக்கும். கொடாமற் பெறுதல் அங்கு இயலாது. பண்டமாற்றே அதன் இயல்பு. இச்சிறு செய்தியை மாணவர் நினைவில் இருத்திக் கொள்க.

தொடக்கத்தில் அவ்வாய்க்கு வேலை இல்லாமற் போகவில்லை. டெட்ரிஸ் என்னும் கட்டை அடுக்கும் ஆட்டத்தில் இருவர் கம்பியால் இணைந்து ஆடலாம்; ஒருவர் வரிகளை அழித்தால் மற்றவர் திரையில் வரிகள் ஏறும். ஆனால் பின்வந்த ஆட்டங்களுள் மிகப்பல ஒருவர் தனித்து ஆடுவனவே. ஆண்டுகள் செல்லச் செல்லக் கேம் பாயும் பழம்பொருளாகத் தொடங்கிற்று.

இவ்விடத்து இளைஞர் ஒருவரை அறிமுகம் செய்தல் வேண்டும். தோக்கியோவின் புறநகராகிய மச்சிடாவில் வளர்ந்த சதோஷி தஜிரி, இளமையில் வயல்வெளிகளிலும் குளக்கரைகளிலும் பூச்சி பிடித்துத் திரிந்தவர். நகரம் பெருகவே வயல்கள் மறைந்தன, பூச்சிகளும் மறைந்தன. வளர்ந்தபின் விளையாட்டு எழுதுவோராகிய அவர், இரு கேம் பாய்களை இணைத்திருந்த கம்பியைக் கண்டார். அதன் வழியே பூச்சி ஒன்று இப்பொறியினின்று அப்பொறிக்கு ஊர்ந்து செல்வதாக அவர் மனக்கண்ணிற்குத் தோன்றியது. அதுகாறும் அக்கம்பியைப் பிறர் போர் செய்யும் வழியாகவே கருதினர். தஜிரி அதனை மாற்றிக் கொள்ளும் வழியாகக் கண்டார். பொறியின் உள்ளே குறிகள் செய்து கொண்டிருந்ததும் அதுவே அன்றோ?

அவ்வெண்ணம் விளையாட்டாக உருப்பெற ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் சென்றன. 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் போக்கிமான், சிவப்பு பச்சை என இரு கேசட்டுகளாக வெளிவந்தது. பிடித்துச் சேர்க்கத்தக்க உயிர்கள் 150. அவற்றுட் சில சிவப்பில் மட்டும் கிடைக்கும். சில பச்சையில் மட்டும் கிடைக்கும். வேறு சில, ஒருவர் கையினின்று மற்றவர் கைக்கு மாறினாலன்றி வளர்ச்சி எய்தா. ஆகவே எத்துணைத் திறம் உடையவனாயினும் தனி ஒருவன் அத்தொகையை நிரப்ப இயலாது. கம்பியையும் நண்பனையும் தேடியே ஆக வேண்டும். பள்ளி விட்ட சிறுவர் கம்பியும் கையுமாய்க் கூடினர். பழம்பொருளாகி ஒதுங்கவிருந்த கேம் பாய் மறுபடி தளிர்த்தது. அதுவும் அதன் வண்ண வடிவமும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

இவ்வெற்றியின் மகிழ்ச்சியில் யோக்கோய் திளைத்திருப்பார் என்று நீங்கள் கருதலாம். அவர்க்கு அவ்வாண்டு அத்தகைய ஆண்டன்று. 1995 ஜூலை 21-ஆம் நாள் அவர் ஆக்கிய வெர்ச்சுவல் பாய் வெளிவந்திருந்தது. கண்ணாடி போல் முகத்தருகே வைத்து நோக்கின், காட்சிகள் அண்மையும் சேய்மையுமாக ஆழம் பெற்றுத் தோன்றும் பொறி அது. மலிவான செந்நிற ஒளிவிளக்குகளின் வரிசைகளையும் விரைந்து அசையும் ஆடிகளையும் கொண்டே அக்காட்சியை உண்டாக்கினார். பழைய நெறிதான், ஆனால் இம்முறை அது கைகொடுக்கவில்லை. கறுப்பின்மேல் சிவப்பு ஒன்றே காட்டிய அத்திரையை நெடுநேரம் நோக்கியோர் தலைவலியும் கண்வலியும் உற்றனர். கைப்பொறியாகக் கொண்டு திரியவும் இயலாது. பலர் கூடிப் பார்க்கவும் இயலாது. இரு நாடுகளிலும் சேர்த்து வெளிவந்த ஆட்டங்கள் 22 மட்டுமே. ஏறத்தாழ 7 இலட்சத்து 70 ஆயிரம் பொறிகளோடு, ஓராண்டு நிறையுமுன் அதன் வாழ்வு முடிந்தது.

வெர்ச்சுவல் பாயின் உடலிலும் ஓர் இணைப்புவாய் இருந்தது. கேம் பாயைப் போலவே இரு பொறிகளைக் கம்பியால் கூட்டி இருவர் ஆடுதற்கென்று அமைந்தது அது. அதிற் பொருந்தும் கம்பியை நிறுவனம் இறுதிவரை விற்பனைக்கு விடவில்லை. பொறியே விலைபோகாத இடத்து, அதன் துணையைச் செய்வோர் யார்? பல்லாண்டு கழிந்தபின் ஆர்வலர் சிலர் தாமே கம்பி முறுக்கி, தாமே ஆட்டமும் எழுதி, அவ்வாயைப் பேசவைத்தனர். செய்தவர் அதனைக் காண இல்லை.

நினைத்துப் பாருங்கள். ஒருவரே தலைமை தாங்கிச் செய்த இரு பொறிகள். இரண்டிலும் ஒரே கருத்தோடு அமைத்த வாய். ஒன்றுக்கு ஏழாண்டு கழித்து, முன்பின் அறியாத ஒருவர் பூச்சிக் கூட்டத்தோடு வந்து சேர்ந்தார். மற்றொன்றின் வாசலில் எவரும் அடி வைக்கவில்லை. வாயை அமைத்த பொழுது இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய யோக்கோய்க்கு எவ்வழியும் இருந்ததில்லை.

1996 ஜூலையில் கேம் பாயின் மெலிந்த வடிவாகிய கேம் பாய் பாக்கெட் வெளிவந்தது. பொறி சிறுத்தபோது இணைப்புவாயும் சிறுத்தது, ஆயினும் நீக்கப்படவில்லை. அடுத்த மாதம், ஆகஸ்டு 15-ஆம் நாள், முப்பத்தோராண்டு உழைத்த நிறுவனத்தை விட்டு யோக்கோய் வெளியேறினார். வெர்ச்சுவல் பாயின் தோல்வியே காரணம் என்று பலர் எழுதினர். அவர் அதனை மறுத்தார். கோட்டோ என்னும் பெயரால் சிறு நிறுவனம் ஒன்றினைத் தாமே தொடங்கி, பண்டாய் நிறுவனத்திற்காகப் புதிய கைப்பொறி ஒன்றினை வகுக்கலானார்.

அப்பொறி நிறைவெய்துமுன் அவர் வாழ்வு முடிந்தது. 1997 அக்டோபர் 4-ஆம் நாள், இஷிகாவா மாவட்டத்து நெடுஞ்சாலையில் அவர் சென்ற கார் முன்சென்ற வண்டியோடு மோதியது. நேர்ந்த சேதத்தைப் பார்வையிட இறங்கி நின்றவரை, பின்வந்த மற்றொரு வண்டி மோதிற்று. அப்பொழுது அவர்க்கு வயது 56. போக்கிமான் கடல் கடந்து அமெரிக்காவை அடைந்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

அவர் தொடங்கிய கைப்பொறி வொண்டர்ஸ்வான் என்னும் பெயரால் 1999 மார்ச்சில் வெளிவந்தது. ஒரே ஒரு மின்கலத்தில் ஓடியது. திரையில் வண்ணம் இல்லை. அதனோடு வந்த புதிர் ஆட்டம் ஒன்றிற்குக் குன்பே என்று அவர் பெயரையே இட்டனர். செவியில் மாட்டும் ஒலிக்கருவிக்கு அப்பொறியில் தனித் துளை கிடையாது. பாட்டுக் கேட்க விரும்பிய சிறுவர், அதன் இணைப்புவாயில் ஒரு சிறு துணைக்கருவியைச் செருகியே கேட்டனர்.